கோனிக்ஸே மின்படகும் ரோட்பாக் அருவியும்: வசந்தகால ஒருநாள் பயணம் பற்றிய மதிப்பீடு

ஜெர்மனியின் தென்கிழக்கு மூலையில், பெர்ஷ்டெஸ்காடன் தேசியப் பூங்காவுக்குள் இருக்கும் கோனிக்ஸே ஏரிக்குச் செல்பவர்களில் பலர், இடைவழியில் உள்ள சாங்ட் பார்த்தொலொமே தேவாலயத்தின் சிவப்புக் குவிமாடங்களைப் படமெடுத்துக்கொண்டு அங்கிருந்தே திரும்பிவிடுகிறார்கள். மே மாதத்தில் செல்லும் வாய்ப்புக் கிடைத்தவர்கள் அப்படித் திரும்பக் கூடாது என்பது என் உறுதியான கருத்து. படகின் கடைசித் துறையான சாலெட் வரை சீட்டு எடுத்து, அங்கிருந்து ஓபர்ஸே என்னும் சிறிய ஏரியின் கரை வழியாக ரோட்பாக் அருவி வரை நடந்தால்தான் கொடுத்த பணத்துக்கு முழுப் பலன் உண்டு.

கோனிக்ஸே ஏரியில் 1909 முதல் மின்படகுகள் ஓடுகின்றன. பெரும்பாலான இடங்களில் செங்குத்தான பாறை நேராக நீருக்குள் இறங்குவதால், ஏரியைச் சுற்றி நடந்து செல்ல வழி கிடையாது. 190 மீட்டர் ஆழமுள்ள அந்த நீரைக் கடக்கப் படகுதான் துணை. இயந்திர இரைச்சலோ டீசல் வாடையோ இல்லாததால், கரையோரப் பாறைகளில் வழியும் சிற்றருவிகளின் ஓசைகூடக் காதில் விழுகிறது. நடு ஏரியில் படகோட்டி மோட்டாரை நிறுத்தி, பித்தளைக் குழலை எடுத்துச் சில சுரங்களை ஊதிவிட்டுக் காத்திருக்க, எதிரேயுள்ள மலைச்சுவர் அதே சுரங்களை ஒன்றுவிடாமல் திருப்பித் தருகிறது. அந்தச் சில நொடிகளில் படகில் ஒருவரும் பேசுவதில்லை. போகும்போது வலப்பக்கச் சன்னலோரம் இடம் பிடித்தால், 2713 மீட்டர் உயரமான வாட்ஸ்மன் மலையின் கிழக்கு முகத்தை, உச்சியில் பனி கலையாத நிலையில் பார்த்துக்கொண்டே செல்லலாம்.

சாலெட் வரை படகில் ஒரு மணி நேரத்துக்குச் சற்றுக் குறைவாகவே ஆகிறது. அங்கிருந்து கால் மணி நேரம் நடந்தால் ஓபர்ஸே வந்துவிடும். 1172-இல் நிகழ்ந்ததாகச் சொல்லப்படும் பெரும் பாறைச்சரிவே இதைப் பெரிய ஏரியிலிருந்து பிரித்தது. நடக்கும் பாதை அந்தச் சரிவின் மேட்டைத்தான் கடந்து போகிறது. முதியவர்களும் சிறு குழந்தைகளும் ஓபர்ஸே கரையிலுள்ள மரப் படகுவீட்டோடு நின்றுகொள்வது நல்லது. ஏனெனில் அதற்கு அப்பால் பாதை குறுகி, பாறையில் வெட்டிய படிகளும், பிடித்துக்கொள்ளக் கம்பிவடமும், ஈரம் ஊறிய மர வேர்களுமாக மாறிவிடுகிறது. காலணியின் அடிப்பகுதி நன்றாகப் பிடிக்கக்கூடியதாக இருந்தால் அச்சமில்லை. கீழே கண்ணாடிப் பச்சை நீரில், எப்போதோ விழுந்து அமிழ்ந்த மரங்கள் கிளைகளோடு அப்படியே தெரிகின்றன.

மறுகரையில் ஃபிஷுங்கல் என்னும் மலைமேய்ச்சல் குடிலைத் தாண்டியதும் ரோட்பாக் அருவி முழுமையாகக் கண்ணில் படும். ஏறத்தாழ 470 மீட்டர் உயரத்திலிருந்து விழும் இது ஜெர்மனியின் மிக உயரமான அருவி. இதற்கு உயிர் கொடுப்பது பனியுருகல் என்பதால், கோடை முற்றினால் பாறையில் ஈரக்கோடு போல மெலிந்துவிடும். வசந்தத்தில்தான் அதன் முழு வீச்சையும் காண முடிகிறது. ஆகஸ்டில் போய்விட்டு ஏமாற்றத்துடன் வருபவர்களுக்காக நான் உண்மையிலேயே வருந்துகிறேன். ஆனால் சாலெட் வரையிலான படகு வழக்கமாக ஏப்ரல் பிற்பகுதியில்தான் தொடங்குகிறது என்பதையும், அப்போதும் நிழல் விழும் இடங்களில் பனி கிடக்கலாம் என்பதையும் மறக்கக் கூடாது.

கோனிக்ஸே ஏரியின் கிழக்குக் கரையில், கோனிக்ஸ்பாக் அருவியின் மேலே இருந்த இயற்கைக் குளம், சமூக ஊடகப் படங்களால் பெருகிய கூட்டம் செடிகொடிகளை மிதித்து அழித்ததால், 2021-இல் ஐந்தாண்டுகளுக்கு மூடப்பட்டது. 2019-இல் அங்கே இரு இளைஞர்கள் மூழ்கி இறந்தார்கள். அழகான படத்துக்காகக் குறித்த பாதையை விட்டு விலகுவதை எந்த வகையிலும் நியாயப்படுத்த முடியாது.

குடும்பமாகச் செல்வோருக்குப் படகுக் கட்டணம் சற்றுக் கனமாகவே தெரியும். விடுமுறை நாள்களில் வரிசையும் நீளம். முனிச்சிலிருந்து ஃப்ரைலாசிங்கில் ரயில் மாறி பெர்ஷ்டெஸ்காடன் சேர இரண்டரை மணி நேரத்துக்கு மேல் ஆகும். பவேரிய மாநிலத்துக்கான ஒருநாள் பயணச்சீட்டான பயர்ன் டிக்கெட் வார நாள்களில் காலை ஒன்பது மணிக்குப் பிறகுதான் செல்லுபடியாகும் என்பதால், அதை நம்பிப் புறப்பட்டால் அருவி வரை போய்வர நேரம் போதாது; நாடு முழுவதும் செல்லும் மாதச்சீட்டான டாய்ச்லாண்ட் டிக்கெட் வைத்திருப்பவர்கள் முதல் ரயிலைப் பிடிக்கலாம். சாலெட்டிலிருந்து அருவிக்குப் போய்த் திரும்ப நான்கு மணி நேரம் ஒதுக்குங்கள். கடைசிப் படகு புறப்படும் நேரத்தை இறங்கும்போதே துறைப் பலகையில் பார்த்துக் குறித்துக்கொள்வது கட்டாயம். அதைத் தவறவிட்டால் வெளியேற இருப்பது கடினமான மலையேற்றப் பாதை மட்டுமே. சைவ உணவுக்காரர்கள் ஃபிஷுங்கலில் வெண்ணெய் ரொட்டி, பாலாடைக்கட்டி, மோர் ஆகியவற்றை உண்ணலாம். குடில் திறக்காத வசந்தத் தொடக்கத்தில் கட்டுச்சோறு கொண்டுபோவதே சரி.