அத்தையின் குரலை மீட்டுத் தந்த கேசட் கடை

என் அத்தை கோவை வானொலி நாடகங்களில் நடித்தவர். 1966ல் தொடங்கிய அந்த நிலையத்தை எங்கள் பொள்ளாச்சிப் பக்கம் எல்லோரும் கேட்டார்கள். அத்தையின் முகம்தான் யாருக்கும் தெரியாது. மாமா ரேடியோ முன்னால் டேப் ரெக்கார்டரை வைத்துப் பதிந்த ஒரே கேசட் மிச்சம். வேறொரு கடையில் “இது தேறாது” என்று திருப்பிவிட்டார்கள். காந்திபுரத்துக் கடைக்காரர் ஐந்து திருகுகளையும் பொறுமையாகக் கழற்றி, நாடாவை வேறு கேசட் கூட்டுக்குள் மாற்றினார். நான்கு நாள், 400 ரூபாய். நடுவே எங்கள் வீட்டு மாடு கத்துவதுகூடக் கேட்கிறது! கடைசியில் நடித்தவர்கள் பெயர் சொல்வதை அவர் வெட்டாமல் விட்டதற்கு எவ்வளவு நன்றி சொன்னாலும் போதாது.

அப்புறம் கல்யாண வீட்டில் ஸ்பீக்கரில் போட்டோம். “ஏனுங்க அம்மணி, அந்தக் குரல் நீங்களுங்களா?” என்று ஒரு பெரியவர் எழுந்து வந்து கும்பிட்டார். 82 வயது அத்தை முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டார்.

மதியம் கடை பூட்டியிருக்கும், காலையிலேயே போங்கள்.