பிக் அப் பழக ஆங்கி உதவுமா?

தரையில் கிடப்பதைக் குனிந்து எடுப்பது பிக் அப். ஸ்டேஷனுக்குப் போய் ஒருவரைக் கூட்டிக்கொண்டு வருவதும் பிக் அப். அடிக்கிற போனை எடுப்பது, வகுப்புக்குப் போகாமல் காதில் விழுந்ததை வைத்தே ஒரு பாஷையைப் பழகிக்கொள்வது, பக்கத்தில் இருந்தவரிடமிருந்து சளி தொற்றிக்கொள்வது, மந்தமாக இருந்த வியாபாரம் சூடுபிடிப்பது எல்லாவற்றுக்கும் ஆங்கிலத்தில் இதே இரண்டு சொல்தான். இப்படிப்பட்ட ஒன்றைப் பேச்சில் தடையில்லாமல் வரவைக்க ஆங்கி எவ்வளவு உதவும் என்பதே இந்த விமர்சனம்.

ஆங்கி 2006-இல் வெளிவந்த ஃப்ளாஷ்கார்டு மென்பொருள். பெயர் ஜப்பானியச் சொல்; மனப்பாடம் என்று பொருள். கார்டைப் பார்த்து விடையை நினைவிலிருந்து எடுக்க வேண்டும். பிறகு அகெய்ன், ஹார்ட், குட், ஈஸி என்ற நான்கில் ஒன்றை அழுத்தினால், அந்த கார்டு அடுத்து எப்போது வர வேண்டும் என்பதை அது கணக்கிட்டுக்கொள்ளும். கம்ப்யூட்டரிலும் ஆண்ட்ராய்டிலும் இலவசம், ஐபோனில் மட்டும் காசு. ஆண்ட்ராய்டில் ஆங்கிட்ராய்ட் என்று தேடுங்கள். ஆங்கி என்ற பெயரை ஒட்டி வைத்துக்கொண்ட, இதற்குச் சம்பந்தமே இல்லாத செயலிகளும் உண்டு.

இது எதையும் கற்றுக்கொடுக்காது. நாம் போட்டதைத்தான் திருப்பிக் காட்டும். அதனால் இதன் மதிப்பு முழுக்க கார்டை எப்படி எழுதுகிறோம் என்பதில்தான் இருக்கிறது, ஃப்ரேசல் வெர்பில், அதாவது வினையோடு அப், ஆன் போன்ற சிறு சொல் சேர்ந்து தனிப்பொருள் தரும் பிக் அப் மாதிரியானவற்றில், பலரும் சறுக்குவதும் அங்கேதான். முன்பக்கம் 'பிக் அப்', பின்பக்கம் 'எடு, அழைத்துச் செல், கற்றுக்கொள், தொற்றிக்கொள்' என்று எழுதிய கார்டு வீண். நான்கு பொருளில் மூன்று நினைவுக்கு வந்தால் அது சரியா தவறா? எந்தப் பொத்தானை அழுத்துவது? நான்கும் வந்தாலும், பேசும்போது ஒரு வாக்கியம்கூட வாயில் வராது. இறக்கிக்கொள்ளக் கிடைக்கும் பொது டெக்குகளில் (மற்றவர்கள் செய்துவைத்த கார்டுத் தொகுப்புகளில்) இந்த மாதிரிப் பட்டியல் கார்டுகள் ஏராளம். ஃப்ரேசல் வெர்புக்கு அவற்றை நாடவே வேண்டாம்.

ஒரு பொருளுக்கு ஒரு வாக்கியம், ஒரு வாக்கியத்துக்கு ஒரு கார்டு. வாக்கியத்தில் சில சொல்லை மறைத்து நம்மை நிரப்பச் சொல்லும் க்ளோஸ் வகை கார்டு ஆங்கியில் இருக்கிறது, இதற்கு அது அருமையாகப் பொருந்துகிறது. 'ஐ வில் பிக் ஹிம் அப் அட் சிக்ஸ்' என்று எழுதி, 'பிக்' என்பதை மட்டும் தேர்ந்தெடுத்து கன்ட்ரோல், ஷிஃப்ட், சி மூன்றையும் சேர்த்து அழுத்துங்கள். அந்தச் சொல்லைச் சுற்றி இரட்டைச் சுருள் அடைப்பும் சி1 என்ற குறியும் வரும். அடுத்து 'அப்' என்பதைத் தேர்ந்தெடுக்கும்போது ஆல்ட்டையும் சேர்த்து அழுத்த வேண்டும். அப்போதுதான் அதற்கும் அதே சி1 விழும், இரண்டு சொல்லும் ஒரே கார்டில் ஒன்றாக மறையும். ஆல்ட்டை மறந்தால் சி2 விழுந்து கார்டு இரண்டாகிவிடும். ஒன்றில் 'பிக்' தெரியும், மற்றதில் 'அப்' தெரியும். பாதி விடை கண்ணெதிரே இருக்கும்போது மூளை உழைக்காது.

இன்னொரு சிக்கல், அதே இடத்தில் 'கலெக்ட்' என்று போட்டாலும் வாக்கியம் சரியாகவே இருக்கும். அதற்குக் குறிப்பு வசதி இருக்கிறது. சுருள் அடைப்புக்குள் விடைக்குப் பிறகு முக்காற்புள்ளியை இருமுறை இட்டு, 'போய்க் கூட்டிவர, இரண்டு சொல்' என்று தமிழிலேயே எழுதலாம். கார்டில் வெற்றிடத்துக்குப் பதில் அந்தக் குறிப்பு தெரியும்.

தமிழ் பேசுகிறவர்கள் அதிகம் தடுமாறும் இடம் சொல் வரிசை. 'பிக் அப் ஹிம்' என்று சொல்லிவிடுகிறோம். நம் மொழியிலும் 'தள்ளிப் போடு' போன்ற கூட்டுவினைகள் உண்டு. அங்கே தள்ளுவதும் இல்லை, போடுவதும் இல்லை, இரண்டும் சேர்ந்து மூன்றாவது பொருள் தருகிறது. ஆகவே ஃப்ரேசல் வெர்பின் பொருள் நமக்குப் புதிரல்ல. ஆனால் 'தள்ளி அதைப் போடு' என்று யாரும் சொல்வதில்லை, நடுவில் சொல்லை நுழைத்தால் கூட்டு உடைந்துவிடும். ஆங்கிலத்தில் பிக் அப் அப்படியல்ல. பெயர்ச்சொல் என்றால் 'பிக் அப் த கிட்ஸ்', 'பிக் த கிட்ஸ் அப்' இரண்டும் சரி. ஹிம், ஹெர், இட், தெம் போன்ற பிரதிப்பெயர் வந்தால் கட்டாயம் நடுவில்தான். இதை எல்லா ஃப்ரேசல் வெர்புக்கும் பொதுவான விதி என்று எழுதிவைத்துவிடவும் கூடாது. 'பிக் ஆன்' என்றால் ஒருவரைக் குறிவைத்துச் சீண்டுவது, அங்கே 'டோன்ட் பிக் ஆன் ஹிம்' என்பதே சரி. ஒரே பிக், ஆனால் வரிசை வேறு. ஆகவே விதியை கார்டாக்காமல், பிரதிப்பெயர் உள்ள வாக்கியத்தை கார்டாக்குங்கள்.

நடுவில் எதுவுமே வராத பொருள்களுக்கும் தனி வாக்கியம் தேவை. 'ஐ கால்ட் ட்வைஸ், பட் நோபடி பிக்ட் அப்', 'சேல்ஸ் ஹேவ் பிக்ட் அப்' இரண்டிலும் செயப்படுபொருள் கிடையாது. சளிக்கு 'ஷி பிக்ட் அப் எ கோல்ட்', பாஷைக்கு 'ஹி பிக்ட் அப் சம் ஹிந்தி அட் வொர்க்'. கடைசி வாக்கியத்தை முறையாகப் படித்துத் தேர்ந்ததற்குப் பயன்படுத்தினால் தவறு. போகிற போக்கில் வந்து ஒட்டிக்கொண்டதற்குத்தான் அது.

விடையைத் தட்டச்சு செய்யும் கார்டு வகையும் உண்டு. முன்பக்கத்தில் 'ஆறு மணிக்கு வந்து என்னைக் கூட்டிக்கிட்டுப் போ' என்று எழுதி, ஆங்கிலத்தைத் தட்டச் சொல்லலாம். நாம் தட்டியதையும் சரியான விடையையும் எழுத்துக்கு எழுத்து ஒப்பிட்டு நிறத்தில் காட்டும், ஆனால் மதிப்பெண் போடாது. பொத்தானை நாம்தான் தேர்ந்தெடுக்க வேண்டும். வரிசைப் பிழையைத் திருத்த இது நல்ல கருவி. எல்லா கார்டையும் இப்படி வைத்தால் நேரம் இழுக்கும், ஒரு வினைக்கு ஒன்று போதும்.

ஒலியையும் சேர்த்துவிடுங்கள். எடிட்டரிலேயே பதிவு செய்யும் வசதி இருக்கிறது. வினையாகச் சொல்லும்போது அழுத்தம் 'அப்' மீது விழும். பெயர்ச்சொல்லாக, வண்டி வகையைக் குறிக்கும் 'பிக்கப்' என்றால் அழுத்தம் முதல் அசைக்குப் போய்விடும். எழுத்தை மட்டும் பார்த்துப் படித்தால் இந்த வேறுபாடு பிடிபடாது.

அமைப்புகளில் முதலில் மாற்ற வேண்டியது தினசரிப் புது கார்டு எண்ணிக்கை. தானாக 20 என்று இருக்கும். ஃப்ரேசல் வெர்புக்கு 5 போதும், பிக் அப்பின் எல்லாப் பொருளையும் ஒரே நாளில் நுழைத்தால் ஒன்றோடொன்று குழம்பும். ஒரு பொருள் ஊன்றிய பிறகு அடுத்ததைச் சேருங்கள். 2023-இல் வந்த 23.10 பதிப்பிலிருந்து கார்டு அடுத்து எப்போது வர வேண்டும் என்பதைக் கணக்கிட எஃப்எஸ்ஆர்எஸ் என்ற புதிய முறை இருக்கிறது, அதை இயக்கிவிடலாம். மறந்துபோன கார்டுக்கு ஹார்ட் அழுத்துவதுதான் பெருந்தவறு. ஹார்ட் என்றால் சிரமப்பட்டு நினைவுக்கு வந்தது என்று பொருள், மறந்ததற்கு அகெய்ன் மட்டுமே. தப்பாக அழுத்திக்கொண்டே போனால் இடைவெளிகள் நீண்டு, தெரியாத கார்டெல்லாம் தெரிந்ததாகக் கணக்கில் ஏறும்.

ஒரு கார்டை 8 முறை மறந்தால் ஆங்கி அதற்கு லீச் என்று முத்திரை குத்தும், அமைப்பைப் பொறுத்து அதை நிறுத்தியும் வைக்கும். இந்த வசதி மிகவும் பிடித்தது. நிறுத்தியதை அப்படியே மீண்டும் இயக்காதீர்கள். பெரும்பாலும் வாக்கியம் மொட்டையாக இருக்கும், அல்லது வேறொரு வினையும் அங்கே பொருந்தும். 'ஷி பிக்ட் இட் அப்' என்று மட்டும் இருந்தால் எதை எடுத்தாள், எங்கிருந்து? 'த கீஸ் ஃபெல், ஸோ ஷி பிக்ட் தெம் அப்' என்று மாற்றி எழுதினால் சிக்கல் தீரும்.

குறை என்றால் தோற்றம் வறட்சியாக இருக்கிறது, அமைப்புப் பக்கம் புதியவரைத் திணறடிக்கும். போனையும் கம்ப்யூட்டரையும் ஆங்கியின் இணையச் சேவையான ஆங்கிவெப் கணக்கு வழியே இணைக்கும்போது, இரண்டு பக்கமும் ஒத்துப்போகாவிட்டால் அப்லோடா டவுன்லோடா என்று கேட்கும். தவறானதைத் தொட்டால் ஒரு பக்கத்து கார்டுகள் மொத்தமும் மறுபக்கத்தால் அழிந்துவிடும். கார்டுகள் எந்தக் கருவியில் இருக்கின்றனவோ அங்கிருந்து அப்லோட், காலியாக இருக்கும் கருவியில் டவுன்லோட். அதற்கு முன் ஃபைல் மெனுவில் எக்ஸ்போர்ட் செய்து ஒரு பிரதி எடுத்து வைத்துக்கொள்ளுங்கள்.