டயல் கேஜும் என் காரின் பிரேக் உதறலும்

ஒர்க்ஷாப்பில் மூன்றாவது முறையாக பிரேக் டிஸ்க் (சக்கரத்தோடு சுற்றும் வட்டத் தகடு) மாற்றச் சொன்ன அன்றுதான், மிகச் சின்ன அசைவையும் அளக்கும் இந்த டயல் கேஜை வாங்கினேன். காந்த அடிப்பாகத்தோடு வரும் சாதாரண வகை. ஊசி 10 மில்லிமீட்டர் வரை நகரும், டயலில் ஒரு கோடு 0.01 மில்லிமீட்டர். ஒரு வருடமாகக் கையில் இருக்கிறது. நிறைகுறை இரண்டையும் சொல்கிறேன், ஆனால் முதலில் அது எதைக் கண்டுபிடித்தது என்று சொன்னால்தான் புரியும்.

என் கார் இரண்டு லிட்டர் டர்போ, முன் டிஸ்க் 340 மில்லிமீட்டர். 110, 120 வேகத்தில் பிரேக்கை மெதுவாக அழுத்தினால் ஸ்டியரிங் கையில் உதறும். 70-க்குக் கீழே வந்தால் அடங்கிவிடும். பிரேக்கைத் தொடாமல் ஓட்டும்போது ஒன்றுமே இல்லை, அதனால் வீல் பேலன்ஸ் மீது சந்தேகம் வரவில்லை. உதறல் சீட்டில் வராமல் ஸ்டியரிங்கில் வந்ததால் முன்பக்கம்தான் என்று தெரிந்தது. ஒர்க்‌ஷாப்பில் "சூட்டில் டிஸ்க் வளைஞ்சிடுச்சு" என்றார்கள். புது டிஸ்க், அதை அழுத்திப் பிடிக்கும் புது பேட் போட்டதும் வழுவழுவென்று நின்றது. 5,000 கிலோமீட்டர் தாண்டியதும் அதே உதறல். மறுபடி மாற்றினோம், மறுபடியும் அதே கதை.

புது டிஸ்க் போட்ட அன்று நன்றாக இருந்து, சில ஆயிரம் கிலோமீட்டர் கழித்துத்தான் உதறுகிறது என்றால் அந்த டிஸ்க்கைக் குறை சொல்வதில் நியாயம் இல்லை. டிஸ்க் சுற்றும்போது பக்கவாட்டில் லேசாக ஆடினால், பிரேக் அழுத்தாத நேரத்திலும் அதன் மேடான இடம் ஒவ்வொரு சுற்றிலும் பேடை உரசிக்கொண்டே போகும். நாளடைவில் அந்த இடம் மட்டும் தேய்ந்து மெலியும். பேடின் வகையைப் பொறுத்து, சில சமயம் அங்கே பேட் பொருள் படிந்து தடிமன் கூடும். எப்படியானாலும் டிஸ்க்கின் தடிமன் ஒரே சீராக இருக்காது. வேறுபாடு 0.02 மில்லிமீட்டரைத் தொட்டாலே பல கார்களில் ஸ்டியரிங்கில் தெரிந்துவிடும். வளைந்துவிட்டது என்று சொல்லப்படும் டிஸ்க்குகளில் பெரும்பாலானவை இப்படிப்பட்டவைதான். இதைக் கண்ணால் பார்க்க முடியாது, அளந்தால்தான் உண்டு.

முதலில் சக்கரத்தைப் பிடித்து ஆட்டி, பேரிங்கில் ஆட்டம் இல்லை என்று உறுதி செய்தேன். பிறகு சக்கரத்தைக் கழற்றி, பேடைத் தாங்கும் காலிப்பரை இறக்கி, டிஸ்க்கைத் தடித்த வாஷரும் நட்டும் போட்டு ஹப்போடு (டிஸ்க்கும் சக்கரமும் மாட்டும் நடுப்பகுதி) இறுக்கினேன். இதை விட்டுவிட்டால் வரும் எண்ணுக்கு அர்த்தமே கிடையாது. அப்புறம் ஊசியை விளிம்பிலிருந்து ஒரு சென்டிமீட்டர் உள்ளே செங்குத்தாக வைத்து, டிஸ்க்கைக் கையால் மெதுவாகச் சுற்றினேன். வலது பக்க டிஸ்க்கின் ஆட்டம் 0.04 மில்லிமீட்டர். இடது பக்கம் 0.11. பல தயாரிப்பாளர்கள் 0.05-ஐ ஒட்டியே எல்லை வைக்கிறார்கள். சரியான எண்ணை உங்கள் காரின் சர்வீஸ் கையேட்டில் பாருங்கள். மைக்ரோமீட்டரால் அதே டிஸ்க்கில் எட்டு இடத்தில் தடிமன் பார்த்தேன், 0.03 வித்தியாசம் இருந்தது.

டிஸ்க்கைக் கழற்றியபோது காரணம் தெரிந்தது. ஹப் முகத்தில், சக்கர நட்டு ஏறும் இரண்டு ஸ்டட்களைச் சுற்றி, வெற்றிலை கனத்துக்குக்கூட வராத ஒரு துருப் படலம். இரண்டு முறை டிஸ்க் மாற்றியும் ஒருவரும் அந்த முகத்தைச் சுத்தம் செய்யவில்லை. 130 மில்லிமீட்டர் அகலமுள்ள ஹப்பில் ஒரு ஓரம் 0.04 உயர்ந்தால், டிஸ்க் விளிம்பில் அது ஏறக்குறைய 0.10 ஆகிவிடும். டிஸ்க் பெரிதாகப் பெரிதாக இந்தப் பெருக்கமும் கூடும், பெரிய பிரேக் உள்ள கார்கள் இதில் சிக்குவதற்கு அது ஒரு காரணம்.

கம்பி பிரஷும் எமரி தாளும் வைத்துத் தேய்த்தேன். மறுபடி மாட்டியதும் 0.05. டிஸ்க்கை இரண்டு ஸ்டட் தள்ளித் திருப்பி மாட்டினேன், 0.03-க்கு வந்தது. (டிஸ்க்கைப் பிடிக்க ஹப்பில் சின்னத் திருகு உள்ள கார்களில் இப்படித் திருப்ப முடியாது.) டிஸ்க்கின் ஓரத்தில் பொறித்திருந்த குறைந்தபட்சத் தடிமனுக்கு மேலே போதுமான இடம் இருந்ததால் இரண்டு டிஸ்க்கையும் லேத்தில் கொடுத்துச் சீராகக் கடைந்து எடுத்தேன். புது பேட் போட்டு, 100-லிருந்து 30 வரை எட்டுப் பத்து முறை, எங்கும் முழுவதும் நிறுத்தாமல், பிரேக் பிடித்துப் பழக்கினேன். சூடான டிஸ்க்கின் மேல் பேடை அழுத்தி வைத்து நின்றால் அந்த இடத்தில் பேடின் அச்சு விழுந்துவிடும். சக்கர நட்டுகளை இப்போது, இறுக்கும் விசையை அளந்து காட்டும் டார்க் ரெஞ்சால், எதிரெதிராகத்தான் இறுக்குகிறேன். 9,000 கிலோமீட்டர் ஓடிவிட்டது, உதறல் வரவில்லை.

இனி கேஜின் குறைகள். என் காரில் ஹப்பையும் காலிப்பரையும் தாங்கும் நக்கிள் அலுமினியம். காந்தம் அதில் ஒட்டவே ஒட்டாது, முதல் நாள் மாலை முழுக்க இதிலேயே போனது. கடைசியில் காலிப்பர் போல்ட் துளைகளில் ஒரு தடித்த இரும்புப் பட்டையை முடுக்கி, அதன் மேல் காந்தத்தை உட்கார வைத்தேன். உங்கள் நக்கிளும் அலுமினியம் என்றால் கவ்விப் பிடிக்கும் கிளாம்ப் உள்ளதாகவே வாங்குங்கள். அதிலும் பாம்பு போல வளையும் கையைவிட, மூட்டு மூட்டாக இறுகும் கை நல்லது. வளையும் கை ஊசியின் அழுத்தத்துக்கே கொஞ்சம் நகர்ந்துவிடும். என்னுடையதில் நுண்திருத்தத் திருகு தானாகத் தளர்கிறது. அதனால் ஒரு முழுச் சுற்று முடிந்ததும் முள் பூஜ்யத்துக்குத் திரும்புகிறதா என்று ஒவ்வொரு முறையும் பார்க்கிறேன். திரும்பாவிட்டால் அந்த அளவைத் தூக்கிப் போட்டுவிட்டு முதலிலிருந்து எடுக்கிறேன்.

துல்லியத்தில் குறை சொல்ல மாட்டேன். 0.10 மில்லிமீட்டர் தடிமனுள்ள ஃபீலர் தகடை ஊசிக்கு அடியில் செருகிப் பார்த்தேன், பத்துக் கோடு சரியாக நகர்ந்தது. போன வாரம் ஆயில் மாற்றும்போது இடது பக்கத்தை மறுபடி அளந்தேன், அதே 0.03.