குடல் பாக்டீரியா பரிசோதனைப் பெட்டி: ஐபிடி (குடல் அழற்சி நோய்) உள்ளவர்கள் வாங்கலாமா?

வீட்டிலேயே மலத்தை எடுத்துத் தபாலில் அனுப்பினால், எந்த பாக்டீரியா எத்தனை சதவீதம் என்று அறிக்கை தரும் பெட்டிகள் இப்போது நிறைய வருகின்றன. ஐபிடியின் இரு வகைகளான கிரோன்ஸ், அல்சரேட்டிவ் கோலைட்டிஸ் உள்ளவர்களில் பலர், குடலுக்குள் பாக்டீரியாக்கள் ஒன்றோடொன்று என்ன பேசிக்கொள்கின்றன என்று தெரியும் என்ற நம்பிக்கையில் வாங்குகிறார்கள். அதற்காக என்றால் வாங்க வேண்டாம்.

பாக்டீரியாக்களின் பேச்சு வேதிப்பொருள் வழியாக நடப்பது. ஒவ்வொன்றும் சிறு மூலக்கூறுகளைக் கசியவிடும். கூட்டம் பெருகப் பெருக அவற்றின் அடர்த்தி ஏறி, ஓர் எல்லையைத் தாண்டியதும் எல்லாம் சேர்ந்து சில மரபணுக்களை இயக்கும் அல்லது நிறுத்தும். இதுதான் கோரம் சென்சிங். அசைல் ஹோமோசெரீன் லாக்டோன் வகையைச் சேர்ந்த அப்படியொரு மூலக்கூறு மனித மலத்திலேயே இருப்பதை 2018இல் பிரெஞ்சு ஆய்வாளர்கள் வெளியிட்டார்கள். ஐபிடி உள்ளவர்களிடம், அதிலும் நோய் கிளம்பியிருக்கும்போது, அது குறைவாகவே காணப்பட்டது. அது இருந்தவர்களிடம் ஃபெர்மிக்யூட்ஸ் என்ற பெரும்பிரிவைச் சேர்ந்த பாக்டீரியாக் கூட்டம் அதிகமாகவும் ஈ.கோலை குறைவாகவும் இருந்தன. ஆய்வகத்தில் குடல் செல்களின் அழற்சியையும் அது தணித்தது.

இந்த மூலக்கூறைப் பெட்டி அளப்பதில்லை. பெட்டிகளில் பயன்படும் 16எஸ் முறை, எல்லா பாக்டீரியாவிலும் இருக்கும், ஏறத்தாழ 1,500 எழுத்து நீளமுள்ள ஒரு மரபணுவின் ஒரு பகுதியை மட்டும் படித்துப் பெயர் சொல்கிறது, அதுவும் பெரும்பாலும் பேரினம் வரைதான். மாதிரியில் உள்ள எல்லா டிஎன்ஏவையும் படிக்கும் ஷாட்கன் முறையில் சமிக்ஞை செய்யும் மரபணு இருக்கிறதா என்பது தெரியும். அன்றைக்கு அது வேலை செய்ததா என்பது தெரியாது. குழாயில் இருக்கும் திரவமும் டிஎன்ஏவைக் காப்பதற்காகச் சேர்த்தது. அந்த மூலக்கூறில் உள்ள லாக்டோன் வளையமோ காரத்தன்மை ஏறினாலே பிரிந்துவிடும். அதை அளக்க மாதிரியை உடனே உறையவைத்து, கரைப்பானில் பிரித்தெடுத்து, மூலக்கூறுகளை எடையைக் கொண்டு அடையாளம் காணும் மாஸ் ஸ்பெக்ட்ரோமீட்டரில் பார்க்க வேண்டும்.

சரி, பெயர்ப் பட்டியலாவது நம்பகமாக வர வேண்டுமென்றால், மாதிரி எடுப்பதில்தான் கவனம் வேண்டும். முதலில் சிறுநீர் கழித்துவிடுங்கள். மலம் கழிப்பறைத் தண்ணீரில் படாமல் காகிதத்தில் விழட்டும். மூன்று இடங்களிலிருந்து சுரண்டி, மொத்தம் பட்டாணி அளவு போதும். குழாயில் உள்ள கோட்டைத் தாண்டக் கூடாது. மலம் அதிகமானால் திரவம் உள்ளே ஊறாது, பயணத்தின்போதே பாக்டீரியா வளரும். அப்படி வேகமாகப் பெருகுவது ஈ.கோலை குடும்பம், அழற்சிக்கு அடையாளமாக நீங்கள் தேடுவதும் அதையேதான். கட்டி கரையும்வரை நன்றாகக் குலுக்குங்கள். காப்புத் திரவமே இல்லாமல் அனுப்பச் சொல்லும் பெட்டி என்றால் ஒதுக்கிவிடுங்கள்.

ஆன்டிபயாட்டிக் முடித்தோ கொலோனோஸ்கோபிக்காகக் குடலைக் கழுவியோ குறைந்தது நான்கு வாரம் போகட்டும். ஓமெப்ரசோல் போன்ற அமிலக் குறைப்பு மாத்திரைகள் வாயில் வாழும் ஸ்ட்ரெப்டோகாக்கஸை மலத்தில் கூட்டிக் காட்டும். மாத்திரையை நிறுத்த வேண்டாம், படிவத்தில் எழுதுங்கள். ரத்தமும் சளியுமாகப் போகும்போது ஷாட்கனுக்கு அனுப்பினால், படித்ததில் பெரும்பங்கு உங்கள் சொந்த டிஎன்ஏவாகவே இருக்கலாம்.

அறிக்கையில் ஈ.கோலை 2 சதவீதத்திலிருந்து 4 ஆகியிருந்தால் பதறாதீர்கள். 100 பங்கில் 2 பங்கு அது. மற்ற 98, 48 ஆகக் குறைந்தால், ஈ.கோலை ஒன்றுகூடப் பெருகாமலேயே 50இல் 2, அதாவது 4 சதவீதம் ஆகிவிடும். கிரோன்ஸில் சிறுகுடலின் கடைசிப் பகுதியில் ஒட்டிக்கொண்டு செல்லுக்குள் நுழையும் ஈ.கோலை வகையையும், சாதாரண ஈ.கோலையையும் 16எஸ் பிரித்துக் காட்டாது. ஒட்டிக்கொண்டிருப்பவை மலத்தில் முழுசாக வருவதும் இல்லை.

கடைசிப் பக்கத்தில் வரும் 'குடல் ஆரோக்கிய மதிப்பெண்', அதை ஒட்டிய புரோபயாட்டிக் பரிந்துரை இரண்டையும் தாண்டிப் போங்கள். அவற்றைப் பார்த்து ஐபிடி மருந்துகளான மெசலமைனையோ அசதயோப்ரினையோ ஒரு நாள்கூட நிறுத்திவிடாதீர்கள், தயவுசெய்து.

கூடவே, குடலில் அழற்சி இருந்தால் மலத்தில் கூடும் புரதமான கால்ப்ரோடெக்டினின் அளவும் தரும் பெட்டி என்றால் அந்த ஒரு எண்ணுக்கு நிஜமான மதிப்பு உண்டு. கிராமுக்கு 50 மைக்ரோகிராமுக்குக் கீழே இருந்தால் பொதுவாகக் குடல் அமைதி. 250ஐத் தாண்டினால் அழற்சி நடந்துகொண்டிருக்க வாய்ப்பு அதிகம். இடையில் வந்தால் சில வாரம் கழித்து மறுபடி பார்ப்பார்கள். ஐபுப்ரோஃபென் போன்ற வலி மாத்திரை இந்த எண்ணை ஏற்றிவிடும்.

ஒப்பிட்டுப் பார்க்க நினைப்பவர்கள் ஒரே நிறுவனத்தின் ஒரே முறையிலேயே இரண்டு தடவையும் எடுங்கள். வாங்கும் முன் ஒரு கேள்வி கேளுங்கள்: டிஎன்ஏ எடுக்கும்போது சிறு மணிகளைப் போட்டுக் குலுக்கி செல்லை உடைக்கிறீர்களா? உடைக்காவிட்டால் தடித்த சுவருள்ள ஃபெர்மிக்யூட்ஸின் டிஎன்ஏ முழுசாக வெளியே வராது. குடல் நன்றாகவே இருந்தாலும், அறிக்கை ஐபிடி மாதிரியே தெரியலாம்.