வேலையை முதலில் விடுவதா, வீட்டை முதலில் மாற்றுவதா? சிங்கப்பூரில் மொழி ஆசிரியர்களுக்கு ஓர் ஒப்பீடு

துணைப்பாட நிலையத்திலோ தனியார் மொழிப் பள்ளியிலோ கற்பிக்கும் வெளிநாட்டு ஆசிரியரின் இருப்பு இரண்டு தாள்களில் நிற்கிறது. ஒன்று எம்ப்ளாய்மென்ட் பாஸ் அல்லது எஸ் பாஸ் என்ற வேலை அனுமதி; மற்றொன்று வாடகை ஒப்பந்தம். வேலை முடிந்த ஒரு வாரத்துக்குள் நிறுவனம் பாஸை ரத்து செய்தாக வேண்டும். ஒப்பந்தமோ அப்படியே இருக்கும், மாதம் தவறாமல் வாடகையும் கேட்கும். எதை முதலில் அசைப்பது என்பது அதனால்தான் பெரிய கேள்வி.

ராஜினாமா முன்னே, வீடு பின்னே

மனம் வெறுத்தவர்கள் பெரும்பாலும் எடுப்பது இந்த வழி. ஊருக்கே திரும்புகிறவர்களுக்கு இது சரி. இங்கேயே தொடர நினைப்பவர்களுக்கு இதைவிடச் சிக்கலான வழி கிடையாது.

பாஸ் ரத்தானதும் பொதுவாக 30 நாள் குறுகிய கால வருகை அனுமதி கிடைக்கும். அதை வைத்து வேலை செய்ய முடியாது, வீட்டுக்குப் போய் டியூஷன் எடுப்பதும் உட்பட. வீவக (வீடமைப்பு வளர்ச்சிக் கழக) வீட்டையோ அறையையோ வாடகைக்கு எடுக்கவும் முடியாது. தனியார் குடியிருப்பில் குறைந்தபட்ச வாடகைக் காலம் 3 மாதம். மிஞ்சுவது விடுதி, சர்வீஸ் அபார்ட்மென்ட், இல்லையென்றால் தெரிந்தவர் வீடு. மனைவி அல்லது கணவர், பிள்ளைகளின் டிபென்டன்ட்ஸ் பாஸும் உங்கள் பாஸோடு சேர்ந்தே போய்விடும்.

பணமும் இங்கேதான் இறுக்கும். வெளிநாட்டு ஊழியர் விலகும்போது நிறுவனம் ஐஆர்21 படிவத்தை வருமான வரி ஆணையத்துக்கு அனுப்பி, தர வேண்டிய தொகையை எல்லாம் நிறுத்தி வைக்க வேண்டும். சிங்கப்பூருக்குள்ளேயே வேறு நிறுவனத்துக்கு மாறினாலும் இதே விதிதான். கடைசிச் சம்பளம் வரவில்லை என்று முதலாளியோடு சண்டை போடுவதில் பயனில்லை. வரிக் கணக்கு முடியும்வரை அவர் அதைக் கொடுக்கக் கூடாது.

வரிக் கணக்கு முடியும் முன்பே புதிய பாஸ் கிடைத்து, மாதம் 3,000 வெள்ளி வாடகைக்கு 2 ஆண்டு ஒப்பந்தம் போட்டால் என்ன ஆகும் என்று பாருங்கள். முதல் மாத வாடகை 3,000. ஆண்டுக்கு ஒரு மாதம் என்ற வழக்கப்படி முன்பணம் 6,000. முத்திரைத் தீர்வை மொத்த வாடகையில் 0.4 விழுக்காடு, அதாவது 288. ஒப்பந்தம் கையெழுத்தான 14 நாளுக்குள் கட்ட வேண்டும். ஆகமொத்தம் 9,288 வெள்ளி. பழைய வீட்டு முன்பணமோ இன்னும் உரிமையாளரிடம், கடைசிச் சம்பளமோ நிறுவனத்திடம்.

வீடு முன்னே, ராஜினாமா பின்னே

கையில் பாஸ் இருக்கிறது, சம்பளச் சீட்டு இருக்கிறது, உரிமையாளர் யோசிக்காமல் சாவி தருவார். ஆனால் வீவக வீட்டுக்கு விண்ணப்பிக்கும் நாளில் பாஸில் குறைந்தது 6 மாதம் பாக்கி இருக்க வேண்டும். முழு வீடு என்றால், மலேசியர் அல்லாத வெளிநாட்டவருக்கு வட்டாரத்தின் வீடுகளில் 8, புளோக்கின் வீடுகளில் 11 விழுக்காட்டுக்கு மேல் கூடாது என்ற வரம்பும் உண்டு. அறைக்கு அந்த வரம்பு இல்லை. வேலை மாறும் எண்ணத்தில் இருப்பவருக்கு 6 மாத அறை ஒப்பந்தம் முழு வீட்டைவிட எவ்வளவோ மேல்.

ஆபத்து டிப்ளமேட்டிக் கிளாஸில், அதாவது ஒப்பந்தத்தை இடையிலேயே முறித்துக்கொள்ள விடும் விதியில், ஒளிந்திருக்கிறது. 2 ஆண்டு ஒப்பந்தங்களில் வழக்கமாக 12 மாதம் முடிந்த பிறகே, 2 மாத நோட்டீஸ் கொடுத்து, அதைப் பயன்படுத்தலாம். ஆக 14 மாத வாடகை உறுதி. அதிலும் பல ஒப்பந்தங்களில் அது சிங்கப்பூரைவிட்டே போகிறவருக்கு மட்டும்தான். உள்ளூரில் வேறு பள்ளிக்கு மாறினால் செல்லாது. பாஸ் ரத்துக் கடிதத்தையும் காட்டச் சொல்வார்கள். உரிமையாளர் தன் ஏஜண்டுக்குக் கொடுத்த கமிஷனில் மீதிக் காலத்துக்கான பங்கைக் கேட்கும் விதியும் பெரும்பாலும் கூடவே இருக்கும்: கமிஷன் 3,000 வெள்ளி, வெளியேறுவது 14ஆம் மாதம் என்றால் 10 மாதத்துக்கு 1,250 வெள்ளி. டிப்ளமேட்டிக் கிளாஸ் பொருந்தாதவருக்கு மாற்று, உரிமையாளர் ஒப்புக்கொள்ளும் புதிய குடியிருப்பாளரைத் தேடித் தருவது. அதற்கு அவர் சம்மதத்தை எழுத்தில் வாங்குங்கள்.

புதிய அனுமதி முன்னே, மற்ற இரண்டும் பின்னே

இங்கேயே இருக்கப் போகிறவர்களுக்கு எங்கள் பரிந்துரை இதுதான். புதிய நிறுவனம் மனிதவள அமைச்சிடம் விண்ணப்பித்து, கொள்கையளவிலான ஒப்புதல் கடிதம் வந்த பிறகே ராஜினாமா கொடுங்கள். பட்டச் சான்றிதழ் சரிபார்ப்பு கேட்பார்கள். இந்தியப் பல்கலைக்கழகங்களிலிருந்து பதில் வரத் தாமதமாகலாம் என்பதால் அதை முதலில் தொடங்குங்கள். தனியார் பள்ளி என்றால் கல்வி அமைச்சில் ஆசிரியராகப் பதிவு செய்யும் வேலையும் புதிய இடத்தில் இருக்கும்.

நோட்டீஸ் காலம் ஒப்பந்தத்தில் இல்லையென்றால் சட்டப்படி: 26 வாரத்துக்குக் குறைவான பணிக்கு 1 நாள், 2 ஆண்டுக்குள் 1 வாரம், 5 ஆண்டுக்குள் 2 வாரம், அதற்கு மேல் 4 வாரம். ஒப்பந்தத்தில் இருந்தால் அதுதான் செல்லும். பயிற்சிச் செலவைத் திருப்பிக் கேட்கும் விதி இருக்கிறதா என்றும் பாருங்கள்.

மிச்சமிருக்கும் விடுப்பை நோட்டீஸில் கழித்தால் கடைசி நாள் முன்னே வந்துவிடும், அந்த நாள்களுக்குச் சம்பளமும் இல்லை. அதையே நோட்டீஸ் காலத்துக்குள் விடுப்பாக எடுத்தால் கடைசி நாள்வரை நீங்கள் ஊழியர். சம்பளமும் உண்டு, பாஸும் உண்டு. வீடு மாற்ற இரண்டாவதே உதவும்.

நீங்கள் கற்பிக்கும் பிள்ளைகளையும் நினையுங்கள். தொடக்கப்பள்ளி இறுதித் தேர்வின் வாய்மொழித் தேர்வு ஆகஸ்ட்டில், எழுத்துத் தேர்வு செப்டம்பர் இறுதியில். ஆறாம் வகுப்பை ஜூலையில் கைவிட்டுப் போவது நல்லதல்ல. முடிந்தால் ஜூன் விடுமுறைக்கு முன்பே பெற்றோருக்குத் தெரியட்டும்.

சாவி கொடுக்கும் நாள்

எந்த வழியில் போனாலும் முன்பணம் கரைவது இங்கேதான். ஏர்கான் 3 மாதத்துக்கு ஒருமுறை சர்வீஸ் செய்த ரசீதுகள், திரைச்சீலை டிரை கிளீனிங் ரசீது, குடிவந்த நாளில் கையெழுத்திட்ட பொருள் பட்டியல் மூன்றும் கையில் இருக்கட்டும். சாமி படத்துக்கு அடித்த ஆணித் துளைகளைப் பூசி, அதே நிறம் தீட்டிவிடுங்கள். சமையலறைப் புகைபோக்கியின் வடிகட்டியில் படிந்த தாளிப்பு எண்ணெயைக் கழுவுங்கள். உரிமையாளர் கண் முதலில் போகும் இடம் அது. உரிமையாளர் முன்னிலையிலேயே ஒவ்வொரு அறையையும் படமெடுத்து, குறைகளை அன்றே எழுதிக் கையெழுத்து வாங்குங்கள். முன்பணத் தகராறு முற்றினால், 2 ஆண்டுக்கு மிகாத குடியிருப்பு வாடகை ஒப்பந்தங்களுக்குச் சிறு கோரிக்கை நடுவர் மன்றம் 20,000 வெள்ளிவரை விசாரிக்கும். ஆகவே நாட்டைவிட்டுப் போகிறவர்கள் சாவி ஒப்படைப்பைப் பயணத்துக்கு முந்தின நாளில் வைக்காதீர்கள். இரண்டு வாரமாவது இடைவெளி விடுங்கள்.