எஸ்டேட் பட்டணத்து அரசாங்க கிளினிக்: பல வருடப் பயன்பாட்டுக்குப் பிறகு

முதலில் தீர்ப்பைச் சொல்லிவிடலாம். நோயைக் கண்டுபிடிப்பதில் அரசாங்க கிளினிக் கெட்டி. கண்டுபிடித்ததை ஆளிடம் கொண்டுபோய்ச் சேர்ப்பதில்தான் ஓட்டை. அந்த ஓட்டையில் பாதி அவர்கள் பக்கம், பாதி நம் பக்கம்.

இங்கே பேசுவது மலேசியாவின் கீழ்ப் பேராக்கில் செம்பனைத் (எண்ணெய்ப் பனை) தோட்டங்களுக்கு நடுவே இருக்கும் ஒரு பட்டணத்தைப் பற்றி. ஒரே கடைத்தெரு, ஒரு கிளினிக் கெசிஹாத்தான் (அரசாங்க கிளினிக்), இரண்டு மூன்று தனியார் கிளினிக்குகள். தோட்டத்துக்குத் தோட்டம் டிரெசர் (மருத்துவ உதவியாளர்) இருந்த காலம் போய்விட்டதால், காலையில் ஆள் கணக்கெடுக்கும் பெரட்டுக் களத்திலிருந்து வரும் காய்ச்சல்காரரும் இனிப்பு நீர்க்காரரும் (நீரிழிவுக்காரரும்) இங்கேதான் வரிசையில் நிற்கிறார்கள். மலேசியக் குடிமக்களுக்குக் கட்டணம் ஒரு வெள்ளி (ரிங்கிட்). டாக்டர், ரத்தப் பரிசோதனை, மருந்து எல்லாம் அதற்குள் அடக்கம். 60 வயதை எட்டியவர்களுக்கு அந்த ஒரு வெள்ளியும் இல்லை. விலையைப் பற்றிக் குறை சொல்ல யாருக்கும் வாய் வராது.

2023ஆம் ஆண்டு தேசிய சுகாதார ஆய்வில் மலேசியப் பெரியவர்களில் 15.6 விழுக்காட்டினருக்கு நீரிழிவு இருப்பது தெரிந்தது. இந்தியர்களை மட்டும் எடுத்தால் நாலில் ஒருவருக்கு மேல். அதனால் ‘எனக்கு ஒன்றும் செய்யவில்லையே’ என்பது நம் வீடுகளில் செல்லுபடியாகும் பேச்சு இல்லை. ஆரம்பத்தில் இனிப்பு நீர் ஒன்றும் செய்யாது.

பரிசோதனைக்குப் போகும்போது

கவுண்டரில் ‘செக்கப்’ என்று சொன்னால் காய்ச்சல், இருமல் வரிசையில் நம்பர் கொடுத்து உட்கார வைத்துவிட வாய்ப்பு உண்டு. ‘சாரிங்கான்’ என்று சொல்லுங்கள்; நோய் இருக்கிறதா என்று முன்கூட்டிப் பார்க்கும் பரிசோதனைக்கு மலாய்ச் சொல் அது. வயதுக்கும் ஆண், பெண் என்பதற்கும் ஏற்ற ஒரு படிவம் தருவார்கள். முழுக்க மலாயில் இருக்கும். குடும்பத்தில் யாருக்கு என்ன நோய், புகைக்கிறீர்களா, மனம் சோர்ந்திருக்கிறதா என்று கேட்கும். அந்தக் கடைசிக் கேள்விகளைப் படிக்காமலே ‘இல்லை’ என்று கோடு போட்டுவிட்டுப் போகிறவர்கள் அதிகம். மலாய் படிக்கச் சிரமப்படும் பெரியவர்களோடு வீட்டில் ஒருவர் கூடப் போவது நல்லது.

ரத்தம் எடுக்க 8 முதல் 10 மணி நேரம் பட்டினி என்றால், முதல் நாள் இரவு 10 மணிக்கு மேல் தண்ணீரைத் தவிர எதுவும் கூடாது. சீனி இல்லாத கோப்பியும் கூடாது. ஏற்கெனவே இனிப்பு நீர் மருந்து எடுப்பவர்கள் அன்று காலை மாத்திரையையும் இன்சுலினையும் வீட்டிலேயே போட்டுக்கொண்டு வரக் கூடாது. வெறும் வயிற்றில் கிளிக்லசைட் என்ற இனிப்பு நீர் மாத்திரையைப் போட்டு, வரிசையில் இரண்டு மணி நேரம் உட்கார்ந்தால் சீனி இறங்கி மயக்கம் வரும். மருந்தையும் காலைப் பசியாறலையும் கையில் கொண்டுபோய், ரத்தம் கொடுத்த பிறகு பசியாறும்போது போட்டுக்கொள்ள வேண்டும். ரத்தக் கொதிப்பு மாத்திரையை மட்டும் வழக்கம்போல் தண்ணீரோடு போடலாம்.

கொதிப்பு அளப்பதில் நடக்கும் தவறுகள் தனிக் கதை. மோட்டார் சைக்கிளை நிறுத்திவிட்டு ஓடிவந்து கையை நீட்டினால் அளவு ஏறித்தான் காட்டும். ஐந்து நிமிடம் சாய்ந்து உட்கார வேண்டும், கால் மேல் கால் போடக் கூடாது, அரை மணி நேரத்துக்குள் கோப்பியோ சிகரெட்டோ கூடாது. செம்பனைக் குலை வெட்டுபவர்களின் கை பருமனுக்குச் சாதாரணப் பட்டை போதாது. சிறிய பட்டை போட்டால் உள்ளதைவிடக் கூட்டிக் காட்டும். பெரிய பட்டை கேளுங்கள், வைத்திருப்பார்கள். கிளினிக்கில் 140/90, வீட்டில் அளந்தால் 135/85. இதற்கு மேல் திரும்பத் திரும்ப வந்தால்தான் நோய் என்று எடுத்துக்கொள்வார்கள். ஒரு நாள் அளவை வைத்துப் பயப்பட வேண்டியதில்லை.

மூன்று மாதச் சராசரி சீனியைக் காட்டும் எச்பிஏ1சி பரிசோதனையில் மலேசிய வழிகாட்டி 6.3 விழுக்காட்டையும் அதற்கு மேலும் நீரிழிவு என்கிறது. 5.7 முதல் 6.2 வரை எல்லையோரம். இதற்குப் பட்டினி வேண்டாம். ஆனால் தலசீமியா உள்ளவர்களுக்கும் ரத்தச் சோகை உள்ளவர்களுக்கும் இந்த எண் ஏமாற்றும். இரும்புச் சத்துக் குறைவு என்று முன்பே சொல்லியிருந்தால் டாக்டரிடம் அதை நினைவுபடுத்துங்கள், வேறு முறையில் பார்ப்பார். இடுப்பளவுக்கு எல்லை ஆணுக்கு 90 சென்டிமீட்டர், பெண்ணுக்கு 80. சட்டைக்கு மேலே அளப்பதில் பிரயோசனமில்லை.

குறைந்த வருமானக்காரர்களுக்கான அரசாங்கச் சுகாதாரத் திட்டமான பெக்கா பி40 2019இல் வந்தது. எஸ்டிஆர் என்ற அரசாங்க ரொக்க உதவி பெறுபவரும் அவருடைய துணையும் 40 வயதை எட்டியிருந்தால் பதிவு செய்த தனியார் கிளினிக்கிலும் இலவசமாகப் பரிசோதனை உண்டு. தனியாக விண்ணப்பிக்க வேண்டியதில்லை. ஐசி (அடையாள அட்டை) எண்ணை வைத்துத் தகுதியைப் பார்த்துவிடலாம். கண்புரை வில்லை, இருதய ஸ்டெண்ட் போன்ற கருவிகளுக்கு 20,000 வெள்ளி வரை, புற்றுநோய்ச் சிகிச்சையை முடித்தால் 1,000 வெள்ளி, தீபகற்பத்தில் போக்குவரத்துக்கு 500 வெள்ளி வரை என்று இன்னும் மூன்று பயன்கள் அதில் இருப்பது பாதிப் பேருக்குத் தெரியாது. சோக்சோ (தொழிலாளர் சமூகப் பாதுகாப்புச் சந்தா) கட்டும் தொழிலாளிக்கு 40 வயதில் வரும் இலவசப் பரிசோதனை வேறு. இரண்டையும் குழப்பிக்கொள்ள வேண்டாம்.

இரண்டாவது வருகை

பெக்கா பரிசோதனையை இரண்டு வருகையாக வைத்திருப்பதே காரணத்தோடுதான். முதல் வருகையில் ரத்தமும் சிறுநீரும். இரண்டாவதில் முடிவை உட்கார வைத்து விளக்க வேண்டும். எஸ்டேட்டில் உடைவது இங்கேதான். ரத்தம் கொடுத்தாயிற்று, யாரும் கூப்பிடவில்லை, அப்படியென்றால் நன்றாக இருக்கிறது என்று முடிவுகட்டிவிடுகிறார்கள். கூப்பிட்டிருப்பார்கள், ஆனால் அந்த ப்ரீபெய்டு நம்பர் மாறியிருக்கும். கடிதம் போயிருக்கும், அது தோட்ட ஆபீசில் கிராணி (எழுத்தர்) மேசையில் கிடக்கும். கிளினிக் பக்கமும் குறை இல்லாமல் இல்லை: முடிவு வந்து கோப்பில் தூங்கிய சம்பவங்கள் இந்தப் பட்டணத்தில் புதிதல்ல.

சரிசெய்ய எளிய வழி இருக்கிறது. ரத்தம் எடுக்கும் அறையை விட்டு வெளியேறும் முன் முடிவுக்கான தேதியைப் புத்தகத்தில் எழுதி வாங்குங்கள். ‘பிறகு கூப்பிடுவோம்’ என்றால் ஒத்துக்கொள்ளாதீர்கள். நம்பர் மாற்றாத ஒருவருடைய போனை, மகளோ மருமகனோ, இரண்டாவது எண்ணாகக் கொடுங்கள். முடிவைக் கையில் வாங்கியதும் படம் எடுத்து வையுங்கள். அடுத்த முறை ஆஸ்பத்திரியில் கேட்கும்போது, ‘போன வருஷம் நல்லா இருந்துச்சு’ என்பதைவிட ஒரு படம் பேசும்.

நாள் கூலிதான் பெரிய தடை. பலர் நினைப்பதுபோல் கிளினிக் போனதற்கு எல்லாம் எம்.சி. (மருத்துவ விடுப்புச் சான்றிதழ்) கிடைக்காது. பரிசோதனைக்கும் மருந்து வாங்கவும் வந்தவர்களுக்கு நேரச் சீட்டுதான் தருவார்கள். எத்தனை மணி முதல் எத்தனை மணி வரை அங்கே இருந்தார் என்பதற்கு மட்டும் அது சாட்சி, சம்பளம் தராது. எம்.சி.யோடு எடுக்கும் சம்பள விடுப்பு சட்டப்படி வேலையில் சேர்ந்து 2 வருடத்துக்குள் ஆண்டுக்கு 14 நாள், 2 முதல் 5 வருடத்துக்குள் 18, அதற்கு மேல் 22. பரிசோதனைத் தேதியை மழைக்கால ஓய்வு நாளிலோ வருட விடுப்பிலோ பொருத்திக்கொள்வதுதான் நடைமுறைக்கு ஒத்துவருகிறது. மண்டோரிடம் (மேற்பார்வையாளரிடம்) முன்கூட்டிச் சொல்லிவிட்டால் பாதிச் சண்டை குறையும்.

மருந்து

மருந்துக் கவுண்டர் வேகம், தரம், பொறுமை எல்லாவற்றிலும் நல்ல மதிப்பெண் வாங்கும். தொடர் மருந்தை அஞ்சலில் பெறும் வசதியும், வேறு ஊரில் இருப்பவர் அங்குள்ள அரசாங்க மருந்தகத்தில் வாங்கும் வசதியும் பல இடங்களில் உண்டு. கோலாலம்பூரில் பிள்ளைகள் வீட்டில் போய் மாதக்கணக்கில் தங்கும் பாட்டிமார்கள் இதைக் கேட்டு வைத்துக்கொள்ள வேண்டும். இல்லாவிட்டால் மருந்து அங்கேயே நின்றுபோகும்.

மருந்தை நிறுத்துவதற்கு நாம் சொல்லும் காரணங்களில் பலவற்றுக்கு மாற்று இருக்கிறது. பெரிண்டோப்ரில் என்ற கொதிப்பு மாத்திரை போட்டதும் வறட்டு இருமல் வருவது தெரிந்த விஷயம்தான், அதற்கு மாற்று மருந்து உண்டு. இன்னொரு கொதிப்பு மாத்திரையான அம்லோடிபின் கணுக்காலை வீங்கச் செய்யும். அதைப் பார்த்து ‘கிட்னி போச்சு’ என்று பயந்து மாத்திரையைக் குப்பையில் போட்டுவிடுகிறார்கள். இனிப்பு நீருக்கான மெட்ஃபோர்மின் வயிற்றைப் புரட்டினால் சாப்பாட்டோடு சேர்த்துப் போடலாம், அல்லது மெதுவாக வெளியாகும் வகையைக் கேட்கலாம். சொல்லாமல் நிறுத்தினால், அடுத்த முறை கொதிப்பு ஏறியிருப்பதைப் பார்த்து டாக்டர் அளவைக் கூட்டுவார். இது இரு பக்கமும் ஒருவரை ஒருவர் அறியாமல் ஆடும் ஆட்டம்.

தனியார் கிளினிக்கிலும் அரசாங்கத்திலும் மாறி மாறி மருந்து வாங்குவது இன்னொரு ஆபத்து. அங்கே குளுக்கோஃபேஜ், இங்கே மெட்ஃபோர்மின். அங்கே நோர்வாஸ்க், இங்கே அம்லோடிபின். பெயர் வேறு, மருந்து ஒன்று. இரண்டையும் போட்டால் இரட்டை அளவு. எங்கே போனாலும் வீட்டிலுள்ள எல்லா மருந்தையும் ஒரே பையில் கொண்டுபோங்கள். பசார் மாலாமில் (இரவுச் சந்தையில்) விற்கும் மூட்டு வலி ஜாமுவும் (நாட்டு மருந்தும்) அந்தப் பையில் இருக்கட்டும். அவற்றில் சிலவற்றில் சொல்லாமல் ஸ்டீராய்டு கலந்திருப்பது பலமுறை கண்டுபிடிக்கப்பட்டிருக்கிறது. வலி சட்டென்று நிற்கும். சீனியும் கொதிப்பும் ஏறும்.

இன்சுலின் பேனாவில் மூன்று தவறுகளைத் திரும்பத் திரும்பப் பார்க்கலாம். ஒரே ஊசியை ஒரு வாரம் குத்துவது, தொப்புளுக்குப் பக்கத்தில் ஒரே இடத்தில் குத்துவது, மருந்தை அழுத்தியதும் ஊசியை உருவிவிடுவது. ஒரே இடத்தில் குத்தினால் தோலுக்கடியில் கட்டி தட்டி மருந்து சரியாக உறிஞ்சப்படாது. அழுத்திய பிறகு பத்து வரை எண்ணி உருவ வேண்டும். திறக்காதது குளிர்ப்பெட்டியில், 2 முதல் 8 டிகிரிக்குள்; பனிக்கட்டி அறையில் அல்ல. திறந்தது அறை வெப்பத்தில் சுமார் 4 வாரம். தகரக் கூரை லயன் வீட்டின் மதிய வெக்கைக்கு அது தாங்காது. வெயில் படாத, வீட்டிலேயே குளிர்ந்த மூலையைத் தேடுங்கள். மோட்டார் சைக்கிள் சீட்டுக்கடியில் வைப்பது கொதிக்க வைப்பதற்குச் சமம்.

சீனி இறங்கி வியர்வை, நடுக்கம் வந்தால் ஒரு மேசைக்கரண்டி சீனியைத் தண்ணீரில் கரைத்துக் குடித்து 15 நிமிடம் கழித்து மறுபடி பார்க்க வேண்டும். இனிப்பு நீர் மருந்து எடுத்துவிட்டு வெயிலில் குலை வெட்டுபவர் பசியாறாமல் போனால் இது எளிதில் நடக்கும். கால்சட்டைப் பையில் இனிப்பு மிட்டாய் வைத்துக்கொண்டால் போதும்.

கால், கண், பெண்கள், குழந்தைகள்

இனிப்பு நீர்க்காரருக்கு வருடம் ஒரு முறை கண் படமும் கால் பரிசோதனையும் சிறுநீரில் புரதமும் பார்க்க வேண்டும். கால் பரிசோதனையில் மெல்லிய நைலான் இழையால் பாதத்தைத் தொடுவார்கள். தெரியவில்லை என்றால் உணர்வு போய்விட்டது என்று பொருள். அதன் பிறகு செம்பனை முள் குத்தினாலும் வலிக்காது. பூட்ஸ் போடும் முன் கவிழ்த்துத் தட்டி உள்ளே கையை விட்டுப் பார்ப்பது, ஈரக் காலுறையை மதியமே மாற்றுவது, இரவில் கண்ணாடி வைத்து உள்ளங்காலைப் பார்ப்பது: மூன்றும் காசு செலவில்லாதவை. கண் படத்துக்குப் போகும் நாளில் கண்ணில் சொட்டு மருந்து விட்டால் சில மணி நேரம் பார்வை மங்கும். வண்டி ஓட்டிக்கொண்டு தனியே போகாதீர்கள்.

பெண்களுக்கு 30 முதல் 65 வயது வரை கருப்பை வாய்ப் பரிசோதனை உண்டு. அந்தப் புற்றுநோய்க்குக் காரணமான வைரஸைத் தேடும் எச்பிவி சோதனை வந்த இடங்களில் மாதிரியைத் தாங்களே எடுத்துக் கொடுக்கலாம். ‘ஆண் டாக்டர் இருப்பாரோ’ என்று தள்ளிப் போட்டவர்களுக்கு இதுவே பெரிய விடுதலை. படிவம் ஒன்றில் (இடைநிலைப் பள்ளி முதல் ஆண்டில்) 13 வயதுப் பெண் பிள்ளைகளுக்கு எச்பிவி ஊசி 2010 முதல் பள்ளியிலேயே போடப்படுகிறது. சம்மதக் கடிதத்தில் கையெழுத்துப் போட்டு அனுப்ப மறக்காதீர்கள். கர்ப்பிணிகளின் புத்தகத்தில் ஒட்டும் வெள்ளை, பச்சை, மஞ்சள், சிவப்பு வண்ணச் சீட்டுகள் அலங்காரம் இல்லை. வெள்ளையென்றால் மிசியே (தாதியே) பார்ப்பார், சிவப்பென்றால் உடனே ஆஸ்பத்திரி. தாய் சேய்ப் பிரிவு இந்த கிளினிக்கின் ஆகச் சிறந்த பகுதி. தேதி தவறினால் மிசிகள் லயத்துக்கே தேடி வருவார்கள். குழந்தைகளின் ஆறு நோய் ஊசி 2, 3, 5, 18 மாதங்களிலும் தட்டம்மை முதலியவற்றுக்கான எம்எம்ஆர் 9, 12 மாதங்களிலும். தோட்டம் மாறிப் போனாலும் புத்தகம் கையில் இருந்தால் தொடரலாம்.

50 வயதுக்கு மேல் மலத்தில் மறைந்த ரத்தம் பார்க்கும் சோதனையும் இங்கே உண்டு. டப்பாவை வாங்கிக்கொண்டு போய்த் திருப்பித் தராதவர்கள்தான் அதிகம்.

காய்ச்சல் என்றால்

டாக்டர் கேட்காவிட்டாலும் என்ன வேலை செய்கிறீர்கள் என்பதைச் சொல்லுங்கள். செம்பனை எலிகளின் சிறுநீரால் பரவும் எலிக்காய்ச்சலும் டெங்கியும் ஆரம்பத்தில் ஒன்றுபோலவே இருக்கும். கெண்டைக்கால் வலி, சிவந்த கண், சேற்றில் வெறுங்காலோடு வேலை, கையில் ஆறாத காயம்: இவற்றைச் சொன்னால்தான் டாக்டரின் யோசனை அந்தப் பக்கம் திரும்பும். எலிக்காய்ச்சல் 2010 டிசம்பரிலிருந்து சுகாதார இலாகாவுக்கு அறிவிக்கப்பட வேண்டிய நோய். அதனால் தோட்டத்துக்கும் ஆள் வந்து பார்ப்பார்கள். டெங்கியென்று சந்தேகித்து மறுநாளும் ரத்தம் பார்க்கச் சொன்னால், காய்ச்சல் விட்டுவிட்டது என்று வேலைக்குப் போய்விட வேண்டாம். காய்ச்சல் இறங்கும் அந்த ஓரிரு நாள்தான் ஆபத்தான கட்டம். விடாத வயிற்று வலி, தொடர்ந்த வாந்தி, ஈறில் ரத்தம் என்றால் அடுத்த தேதிக்குக் காத்திராமல் நேராக ஆஸ்பத்திரிக்குப் போங்கள். டெங்கி சந்தேகம் இருக்கும்போது பாராசிட்டமால் மட்டும் போதும். டைக்லோஃபெனாக் போன்ற வலி மாத்திரைகள் ரத்தக் கசிவைக் கூட்டும்.

வெள்ளிக்கிழமை 12:15 முதல் 2:45 வரை கவுண்டர் மூடியிருக்கும். மருந்து முடிந்த அன்று ஓடுவதைவிட ஒரு வாரத்துக்கு முன்பே போய் வாங்கி வையுங்கள்.