ஸ்னாப் கேப்: அலுமினியமா, பிளாஸ்டிக்கா, காலி கேஸா?

கிருஷ்ணகிரி வட்டாரத்தில் லைசென்ஸோடு .32 ரிவால்வர் வைத்திருக்கும் நண்பர்கள் அடிக்கடி கேட்பது: தோட்டா விற்கிற விலையில் கை பழகுவது எப்படி? வீட்டிலேயே டிரை ஃபயர் செய்யுங்கள், அதாவது நிஜத் தோட்டா இல்லாமல் விசையை இழுத்துப் பழகுங்கள் என்பேன். சரி, உள்ளே எதைப் போட்டு? ஃபயரிங் பின் (தோட்டாவை அடிக்கும் ஊசி) வெறுமனே அடிக்காமல் தாங்கப் போடும் போலித் தோட்டாதான் ஸ்னாப் கேப்.

பலர் கையில் எடுப்பது சுட்ட தோட்டாவின் காலி கேஸ், அதாவது பித்தளைக் கூடு. செலவில்லை. ஆனால் அதன் பிரைமர் (ஃபயரிங் பின் அடிக்கும் நடு வில்லை) ஏற்கெனவே குழிந்திருக்கும். ஃபயரிங் பின்னுக்கு அது எந்த மெத்தையும் தராது. பிரைமரைத் தட்டி எடுத்துவிட்டு அந்தக் குழியில் பென்சில் ரப்பரை வெட்டி அடைப்பவர்கள் உண்டு. ஃபயரிங் பின்னின் அடியை ரப்பர் நன்றாகத்தான் தாங்கும். எனக்கு ஒப்பாதது அதன் நிறம். சிலிண்டரில் பின்பக்கமிருந்து பார்த்தால் நிஜத் தோட்டாவும் அதுவும் ஒரே பித்தளை விளிம்பு. அந்த ஒரு காரணத்துக்காகவே வேண்டாம் என்கிறேன்.

ஸ்பிரிங் வைத்த பிளாஸ்டிக் கேப் பளிச்சென்ற நிறத்தில் வரும், விலையும் குறைவு. ரிவால்வருக்குத் தாராளமாகப் போதும். பிஸ்டலில்தான் சிக்கல். ஹாமரை விரலால் இழுத்து நிறுத்த வழியில்லாத பிஸ்டல் பலவற்றில் ஒவ்வொரு முறையும் ஸ்லைடை (பின்னால் நகரும் மேல் பாகத்தை) இழுத்தாக வேண்டும். கேஸை வெளியே இழுக்கும் எக்ஸ்ட்ராக்டர் கொக்கி கடித்துக் கடித்து பிளாஸ்டிக் விளிம்பு சிதைந்துவிடும். அங்கே ஏ-ஜூம் பிராண்டு போன்ற அலுமினிய கேப் கூடுதல் நாள் உழைக்கும், எடையும் கொஞ்சம் கூட. அதன் விளிம்பும் தேயும், ஆனால் மெதுவாக.

என் தேர்வு ரிவால்வருக்கும் அலுமினியமே. சிலிண்டரின் ஆறு தோட்டா அறைக்கும் ஆறு வாங்குங்கள். ஒன்றைக் கவனியுங்கள்: கான்பூர் ஆயுதத் தொழிற்சாலையின் .32 ரிவால்வருக்கு .32 எஸ் அண்ட் டபிள்யூ லாங் அளவு வேண்டும். .32 ஏசிபி என்பது பிஸ்டல் அளவு. இரண்டிலும் 32 இருப்பதால் கடையில் மாற்றித் தந்துவிடுவார்கள்.

எந்த கேப் வாங்கினாலும் நீங்கள் பழகும் வீட்டு அறைக்குள்ளேயே நிஜத் தோட்டா இருக்கக் கூடாது. சிலிண்டரைத் திறந்து கண்ணால் பாருங்கள், ஒவ்வொரு தோட்டா அறையையும் விரலால் தடவுங்கள், அப்புறம் கேப் போடுங்கள். குறி வைக்கும் திசையும் முக்கியம். நம் ஊர்க் கருங்கல் சுவர் குண்டை உள்வாங்காது, எந்தப் பக்கம் தெறிக்கும் என்று சொல்லவும் முடியாது. மணல் மூட்டைகளை அடுக்கி அதை நோக்கிப் பழகுங்கள். பயிற்சி முடிந்து தோட்டா நிரப்பிய பிறகு "கடைசியாக ஒரு தடவை" என்று விசையைத் தொடவே கூடாது. வீட்டுக்குள் தவறுதலாகக் குண்டு வெடிப்பது அப்படியும் நடக்கும்.

.22 வைத்திருப்பவர்களுக்குக் கணக்கே வேறு. அதில் ஃபயரிங் பின் தோட்டாவின் நடுவில் அடிக்காது, விளிம்பில் அடிக்கும். காலியாக விசையை இழுத்தால் சில துப்பாக்கிகளில் தோட்டா அறையின் ஓரமே நசுங்கும். .22 அளவில் விற்கும் அலுமினிய டம்மிகள் தோட்டா ஏறி இறங்குவதைச் சோதிக்கத்தான். திரும்பத் திரும்ப அடிக்க அல்ல. சுவரில் ஸ்க்ரூ போட அடிக்கும் சின்ன பிளாஸ்டிக் பிளக்கில் அளவு சரியாக இருப்பதைப் போட்டுப் பழகுபவர்கள் நிறைய. ஒரே இடத்தில் அடி விழாதபடி அவ்வப்போது அதைத் திருப்பிப் போட்டுக்கொள்ளுங்கள்.